பெயரும் ஊரும்

1982-ல் ஓசூர் மூக்கண்டப்பள்ளிக்கு வந்து இறங்கியபோது என்னிடம் இருந்தவை ஒரு தகரப்பெட்டி, ஒரு கோரைப்பாய், அப்பா கொடுத்தனுப்பிய மூன்று பேண்ட் டிரான்சிஸ்டர். சொந்த ஊர் பென்னாகரம் பக்கம். வானம் பார்த்த கேழ்வரகுக் காடு, அண்ணன் தம்பி நான்கு பேர். கடைசிப் பையன் நான், பஸ் ஏறிவிட்டேன். சிப்காட் தொழிற்பேட்டையில் அப்போது லேலண்ட் வந்துவிட்டது. டிவிஎஸ் 50 சாலையில் ஓடத் தொடங்கியிருந்தது. டைட்டன் இன்னும் வரவில்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு ஷெட்டுக்குக் கூரை ஏறிக்கொண்டிருக்கும், அதன் வாசலில் ஆள் எடுத்துக்கொண்டிருப்பார்கள்.

எனக்கு வாய்த்தது ஒரு சின்ன உதிரிபாக ஆலை. முதல் நாளே பித்தளை டோக்கன் ஒன்று கொடுத்தார்கள். 417 என்று குத்தியிருந்தது. காலையில் பலகையில் மாட்ட வேண்டும், சாயந்திரம் எடுக்க வேண்டும். சம்பளக் கவரின் மேல் அந்த எண். கேண்டீன் சீட்டில் அந்த எண். சூப்பர்வைசர் லேத்துக்கு அந்தப் பக்கம் நின்று “நாலு ஒண்ணு ஏழு” என்று கூப்பிடுவார். திட்டுவதற்கும் அதுதான், எப்போதாவது பாராட்டுவதற்கும் அதுதான். ஆறு மாதம் கழித்து ஊரிலிருந்து வந்த சித்தப்பா, ஆலை வாசலில் என் பெயரைச் சொல்லிக் கேட்டிருக்கிறார். வாட்ச்மேன் “டோக்கன் நம்பர் சொல்லுங்க பெரியவரே” என்றாராம். சித்தப்பா கொண்டுவந்த கேழ்வரகு மாவு மூட்டையோடு அப்படியே திரும்பிப் போய்விட்டார்.

அந்தக் காலத்தில் வானொலிப் பெட்டி வைத்திருக்கத் தபால் நிலையத்தில் பணம் கட்டி உரிமம் எடுக்க வேண்டும். பாஸ்புக் மாதிரி ஒரு சிறு புத்தகம். ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். எண்பதுகளின் நடுவில்தான் அந்தக் கட்டணத்தை ஒழித்தார்கள். பாட்டுக் கேட்க லைசென்ஸ் வாங்கினோம் என்று சொன்னால் என் பேரப்பிள்ளைகள் நான் கதை விடுகிறேன் என்கிறார்கள். முகவரி மாற்றித் தரச் சொல்லி ஓசூர் தபால் நிலையத்தில் அரைநாள் நின்றேன். என் பெயரும் மூக்கண்டப்பள்ளி என்ற ஊரும் முதன்முதலாக ஒரே காகிதத்தில் சேர்ந்தது அந்தப் புத்தகத்தில்தான். ரேஷன் கார்டு வந்ததெல்லாம் கல்யாணத்துக்குப் பிறகு.

குடியிருந்தது லைன் வீட்டில். எதிரும் புதிருமாகப் பத்து அறை, நடுவில் வாசல், கோடியில் ஒரு குழாய். பாதிக்குப் பாதி எங்கள் தருமபுரிப் பக்கத்து ஆட்கள். மீதியில் தெலுங்கும் கன்னடமும். ஓசூரில் ஒரு மொழியில் விலை கேட்டு, இன்னொன்றில் பேரம் பேசி, மூன்றாவதில் சண்டை போட்டுவிட்டு வரலாம். பெங்களூர் நாற்பது கிலோமீட்டர். சென்னை முந்நூறுக்கு மேல். பகலில் ரேடியோ முள்ளை எங்கே வைத்தாலும் பெங்களூர்தான் கணீரென்று வரும். பக்கத்துப் பட்டறையில் வெல்டிங் பற்றவைத்தால் அதுவும் கரகரவென்று போய்விடும்.

காலை 7.15-க்கு டெல்லியிலிருந்து தமிழ்ச் செய்தி. சரோஜ் நாராயண்சுவாமியின் குரல் வந்துவிட்டால், குழாயடியில் நிற்பவர்கள் குடத்தைச் சத்தமில்லாமல் வைப்பார்கள். அது முடிந்து சற்று நேரத்தில் பெங்களூர் நிலையத்தில் டெல்லியின் கன்னடச் செய்தி. டெல்லியில் பொதுவாகத் தயாரித்த செய்தியைத்தான் மொழிக்கு மொழி பெயர்த்து வாசித்தார்கள். அதனால் தமிழில் கேட்ட அதே மந்திரி, அதே ரயில் விபத்து, அதே கிரிக்கெட் ஸ்கோர் கன்னடத்தில் மறுபடி வரும். ‘ஓதுத்திருவவரு’ என்று சொல்லிவிட்டு வாசிப்பவர் தன் பெயரைச் சொல்லுவார். நம் ‘ஓதுதல்’ அங்கே போய்ச் செய்தி வாசிக்கிறது பார் என்று எனக்குள் சிரித்துக்கொள்வேன். இரண்டு வருடத்தில் கன்னடம் பிடிபட்டுவிட்டது. காசு செலவில்லை, வாத்தியார் இல்லை.

‘ஆகாசவாணி’ என்ற பெயரே பக்கத்து மைசூரில் பிறந்ததுதான். மகாராஜா கல்லூரியில் உளவியல் பேராசிரியராக இருந்த எம்.வி. கோபாலசாமி 1935-ல் சொந்த முயற்சியில் ஒரு நிலையம் நடத்தினார். அதற்கு இட்ட பெயர் பிற்பாடு நாட்டுக்கே பெயரானது. தமிழ்நாட்டில் ‘வானொலி’தான் வேண்டும் என்று போராட்டமே நடந்தது. எங்கள் லைன் வீட்டில் எல்லோரும் ‘ரேடியோ’ என்றோம். அந்த வகையில் சண்டை மிச்சம்.

ராத்திரியானால் வானம் திறந்துகொள்ளும். பகலில் எட்டாத நிலையங்கள் எல்லாம் ஒன்றன் மேல் ஒன்றாக மிதந்து வரும். செகண்ட் ஷிப்ட் முடிந்து வந்து, விளக்கை அணைத்துவிட்டு, முள்ளைத் தடவித் தடவி இலங்கையைப் பிடிப்பேன். இலங்கை வானொலியின் வர்த்தக ஒலிபரப்பு 1950-ல் தொடங்கியது. நான் கேட்ட காலத்தில் கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீத், ராஜேஸ்வரி சண்முகம் என்று குரல்கள். சினிமாக்காரர்களுக்கு இருந்த மவுசு அவர்களுக்கும் இருந்தது. இலங்கை வானொலி என்றால் எல்லோரும் பாட்டைத்தான் சொல்வார்கள். எனக்கு லீவு நாளில் பிடித்தது பிறந்தநாள் வாழ்த்து நிகழ்ச்சி. பாட்டு மூன்று நிமிடம் என்றால் அதற்கு முன் உறவுப் பட்டியல் ஒரு நிமிடத்துக்கு மேல் போகும். அப்பா, அம்மா, அப்பப்பா, அம்மம்மா, பெரியம்மா, சித்தி, மாமா, மாமி, மச்சான், மச்சாள். பிறகு ஊர். கொக்குவில், மானிப்பாய், வெள்ளவத்தை. அறிவிப்பாளர் ஒரு பெயரையும் விழுங்கமாட்டார். மூன்று வயதுக் குழந்தையின் பெயருக்கும் மந்திரி பெயருக்குக் கொடுக்கும் நிதானத்தைக் கொடுப்பார்.

அந்த ஊர்களை நான் பார்த்ததில்லை. இனிமேல் பார்க்கப்போவதும் இல்லை. ஆனால் 1983 ஜூலையில் கொழும்பு எரிந்தது என்று செய்தி வந்தபோது, அதில் வெள்ளவத்தை என்ற பெயரைக் கேட்டதும் கையிலிருந்த தம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். மற்றவர்களுக்கு அது ஒரு செய்தி. எனக்கு அங்கே ஒரு அம்மம்மா இருந்தாள், ஒரு மச்சாள் இருந்தாள், போன மாதம் ஒரு குழந்தைக்கு இரண்டு வயது முடிந்திருந்தது.

இலங்கையைப் பிடித்த அதே ஷார்ட்வேவில் முள் கொஞ்சம் நகர்ந்தால் இந்திப் பாட்டு. எனக்கு இந்தி தெரியாது. ஆனால் பாட்டுக்கு முன் வாசிக்கும் பட்டியலில் ‘ஜும்ரி திலையா ஸே’ என்று ஒன்று அடிக்கடி வரும். அதை நான் ரொம்ப நாள் இந்தியில் ‘நேயர் விருப்பம்’ என்பதற்கான சொல் என்றே நினைத்திருந்தேன். ஆலையில் பிலாஸ்பூர்க்கார வெல்டர் ஒருவர் இருந்தார். அவரிடம் ஒருநாள் என் இந்திப் புலமையைக் காட்டப்போனேன், அவர் சிரித்த சிரிப்பில் முகமூடியைக் கழற்றிவிட்டு உட்கார்ந்துவிட்டார். “அரே, அது ஊருப்பா” என்றார். ‘ஸே’ என்றால் ‘இருந்து’. அப்போது பீகாரில் இருந்த, அபிரகச் சுரங்கங்கள் சூழ்ந்த சிறிய ஊர். அந்த ஊர்க்காரர்களுக்கு வேலையோ இல்லையோ, பாட்டு கேட்டு வானொலிக்கு அட்டை எழுதுவதில் அவர்களை அடிக்க ஆளில்லை. ரேடியோ சிலோனுக்கு எழுதுவார்கள், விவித பாரதிக்கு எழுதுவார்கள், இதற்கென்றே சங்கம் வைத்திருப்பார்கள். எழுதி எழுதியே ஊரை இந்தியா முழுக்கப் பிரசித்தம் ஆக்கிவிட்டார்கள். நான் அறிந்து பெரிய தலைவர் பிறக்கவில்லை, பேர்போன கோயில் இல்லை, போர் நடக்கவில்லை. தபால்காரர் சுமந்த அட்டைகளால் மட்டுமே ஒரு ஊருக்குப் பெயர் வந்தது என்பது எனக்கு அன்று பெரிய விஷயமாகப் பட்டது. மூக்கண்டப்பள்ளியும் எதிலும் சேர்த்தியில்லாத ஊர்தானே.

உள்ளூர் வானொலி என்ற ஏற்பாடு இந்தியாவில் முதலில் வந்தது நம் நாகர்கோவிலில், 1984 அக்டோபர் 30-ல். தலைநகரத்து நிலையம் நாட்டைப் பார்த்துப் பேசும், உள்ளூர் நிலையம் தன் மாவட்டத்துச் சந்தையைப் பார்த்துப் பேசும். பிறகு எங்கள் தருமபுரிக்கும் ஒன்று வந்தது. எஃப்.எம். 102.5. ராயக்கோட்டைத் தக்காளி, காவேரிப்பட்டணத்து மாங்காய், தென்பெண்ணை அணை, ஊத்தங்கரை மழை என்று நம் ஊர்ச் சங்கதி நம் பக்கத்துப் பேச்சில் காற்றில் வரும் என்று நான் எண்ணியிருக்கவில்லை. கிருஷ்ணகிரி 2004-ல் தனி மாவட்டமாகப் பிரிந்தது. அலைக்கு அந்த எல்லைக்கல் தெரியவில்லை.

ஆனால் மூக்கண்டப்பள்ளியில் அதைப் பிடிப்பது லேசு இல்லை. எஃப்.எம். அலை கண்பார்வை மாதிரி, நேராகப் போகும். மலைக்குப் பின்னால் நிற்பவனைக் கண்டுகொள்ளாது. தருமபுரி சாலை வழி ஏறத்தாழ 90 கிலோமீட்டர். நடுவில் மேலுமலை, சூளகிரிக் குன்றுகள். கிருஷ்ணகிரியிலிருந்து பஸ்ஸில் வந்தால் சூளகிரி தாண்டும்போது பாட்டில் மணல் விழ ஆரம்பிக்கும். மாடியில் துணி காயப்போடும் இரும்புக் கம்பத்தில் ஒரு செப்புக் கம்பியைச் சுற்றி, மறுமுனையை ஆன்டெனாவில் கட்டினேன். பெட்டியைத் தெற்குச் சுவர்மேல் வைத்து, பக்கத்தில் யாரும் நடமாடாமல் இருந்தால் வரும். காற்று அடித்தால் போகும், மறுபடி வரும்.

அந்த மாடியில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை நேயர் விருப்பத்துக்கு எங்கள் லைன் வீட்டிலிருந்து ஒரு அட்டை எழுதுவது என்று முடிவானது. எழுத்து என்னுடையது, ஏனென்றால் பேனா என்னுடையது. ஆளாளுக்கு வந்து பெயர் கொடுத்தார்கள். மூத்தவர் பெயர் முதலில் வர வேண்டும் என்றார் ஒருவர். பாட்டைத் தேர்ந்தெடுத்தவர் பெயர்தான் முதலில் என்றார் இன்னொருவர். அதற்கே இரண்டு நாள் ஆனது. கடைசி அறையில் ஒரு கன்னடத்து அம்மா இருந்தார். ரோஜாத் தோட்டத்தில் கூலிக்குப் போவார், விடியற்காலையில் பூக் கட்டுவார். கட்டும்போது பெங்களூர் வானொலி கேட்டுக்கொண்டே கட்டுவார். என் பெட்டியில்தான். அவருக்காகவே காலை ஐந்தே முக்காலுக்கு அதைத் திண்ணையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போவேன். அவர் வந்து வாசலில் நின்று, “நன்ன ஹெசரூ ஹாகப்பா” என்றார். என் பெயரையும் போடப்பா.

சரி என்று தலையாட்டினேன். போடவில்லை. அட்டையில் இடம் இல்லை என்பது எனக்கு நானே சொல்லிக்கொண்ட காரணம். ஒன்பது பெயரை நுணுக்கி எழுதியவனுக்குப் பத்தாவது பெயருக்கு இடம் கிடைத்திருக்கும். தமிழ்ப் பாட்டுக்குக் கன்னடத்து அம்மா எதற்கு என்று தோன்றியதுதான் நிஜம். கெட்ட எண்ணம் என்றுகூட அப்போது தோன்றவில்லை. ஒரு எண்ணமாகவே தோன்றவில்லை. அதுதான் இன்றைக்கு உறுத்துகிறது.

நான்கு வாரம் கழித்து ஒரு ஞாயிறு அது வந்தது. மாடி நிறைய ஆள். அந்த அம்மாவும் மடியில் பூவோடு படியேறி வந்து சுவரோரம் உட்கார்ந்தார். அறிவிப்பாளர், “ஓசூர் மூக்கண்டப்பள்ளியிலிருந்து” என்று தொடங்கியதும் ஒரு சத்தம் எழுந்தது பாருங்கள், அடுத்த தெரு நாய்கள் குரைத்தன. பிறகு பெயர்கள். ஒவ்வொருவரும் தன் பெயர் வந்ததும் எதையோ வாங்கிக்கொண்டவர் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தார். நான் அந்த அம்மாவின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாரும் பூவுமாக ஓயாத கை நின்றிருந்தது. ஒன்பதாவது பெயருக்குப் பிறகு பாட்டு ஆரம்பித்தது. கொஞ்ச நேரம் அந்தக் கை அப்படியே இருந்தது. பிறகு மறுபடி கட்டத் தொடங்கியது.

பாட்டு முடிந்து எல்லோரும் இறங்கும்போது நான் அவர் பக்கம் போய் எதையோ உளறினேன். அவர் உடைந்த தமிழில் சொன்னார்: “மூக்கண்டப்பள்ளின்னு சொன்னாங்கல்ல? நானு மூக்கண்டப்பள்ளிதானே.”

மறுநாளே அவர் பெயரை மட்டும் எழுதி ஒரு அட்டை போட்டேன். வரவில்லை. இன்னொன்று போட்டேன். மூன்றாவது அட்டைக்கு அவர் பெயர் வந்தது. தெளிவாக, நிறுத்தி, ‘மூக்கண்டப்பள்ளி’யோடு சேர்த்து வாசித்தார்கள். அதற்குள் அவர் அறையைக் காலி செய்துவிட்டு ஆனேக்கல் பக்கம் மகள் வீட்டுக்குப் போயிருந்தார். போன் நம்பர் கிடையாது. மாடியில் நான் ஒருவன்தான் அதைக் கேட்டேன்.

பிற்பாடு ஆலையில் என்னை லைன் லீடர் ஆக்கினார்கள். என் கீழே நாற்பது பேர். டோக்கன் போய்ப் பிளாஸ்டிக் அட்டை வந்திருந்தது, எண் மட்டும் நீளமாகியிருந்தது. நான் ஒரு நோட்டுப் போட்டு நாற்பது பேரின் பெயரையும் ஊரையும் எழுதி மனப்பாடம் செய்தேன். வானொலிக்காரர்களிடம் பார்த்த வித்தைதான். தெரியாத பெயரை வாய்க்குள் இரண்டு முறை சொல்லிப் பார்த்துவிட்டு உரக்கச் சொல்வது, பெயருக்கு முன்னால் ஒரு மூச்சு நிற்பது, ஊரைச் சேர்த்துச் சொல்வது. பெயர் தப்பினால் மன்னிப்புக் கேட்டுத் திருத்திச் சொல்வது. இதனால் உற்பத்தி கூடியது என்றெல்லாம் கதை சொல்லமாட்டேன். கூடவில்லை. ஆனால் கை மெஷினில் மாட்டும் அளவுக்குத் தூக்கக் கலக்கத்தில் நின்ற ஒரு பையனைச் சத்தத்துக்கு மேலே பெயர் சொல்லிக் கூப்பிட்டேன், திரும்பினான். எண்ணைச் சொல்லியிருந்தால் அவன் எண் அவனுக்கு ஞாபகம் வந்திருக்குமா என்று தெரியாது. என் பிள்ளைகளுக்கும் மருமகள்களுக்கும் நான் சொல்வது இது ஒன்றுதான்: வீட்டு வேலைக்கு வருபவர், சிலிண்டர் போடுபவர், செக்யூரிட்டி, யாராக இருந்தாலும் முதல் நாளே பெயரும் ஊரும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது நாள் கேட்கக் கூச்சமாகிவிடும், மூன்றாவது மாதம் கேட்கவே முடியாது.

பெங்களூரில் 2001 ஜூலையில் ரேடியோ சிட்டி வந்தது. நாட்டின் முதல் தனியார் எஃப்.எம். அதன் பின்னால் வரிசையாக மற்றவை. ஓசூர்ப் பையன்கள் அதற்குத் தாவிவிட்டார்கள். துடிப்பான நிலையங்கள்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. என் காதுக்கு வேகம் அதிகம். பெயர்கள் அங்கே ஓடுகின்றன, நிற்பதில்லை.

இப்போது எங்கள் தெருவில் அதே மாதிரி லைன் வீடுகள், மூன்று மாடி உயரத்துக்கு. பீகார், ஒடிசா, அஸ்ஸாம், ஜார்கண்ட் பிள்ளைகள். அறைக்கு ஆறு பேர். தெருவில் அவர்களுக்கு ஒரே பெயர்: ‘இந்திக்காரப் பசங்க’. போன மாதம் ஒரு சாயந்திரம் மின்சாரம் போய்விட்டது. எதிர்ப் படிக்கட்டில் ஒரு பையன் காதில் வயரை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இருபது வயது இருக்கும். கையில் கிரைண்டிங் தீப்பொறி பட்ட சின்னச் சின்னத் தழும்பு, எனக்கும் அந்த வயதில் இருந்தவைதான். பெயரைக் கேட்டேன், சொன்னான். என் அரைகுறை இந்தியில் ஊரைக் கேட்டேன்.

“ஜார்கண்ட்.”

இவர்கள் மாநிலத்தோடு நிறுத்திவிடுவார்கள். அதற்குமேல் சொன்னால் இங்கே யாருக்குத் தெரியும்?

“ஜார்கண்டில் எங்கே?”

“கோடர்மா” என்றான், போனைப் பார்த்தபடி.

“ஜும்ரி திலையா பக்கமா?”

அவன் காதிலிருந்து வயரை எடுத்தான். முதலில் ஒன்று, பிறகு இன்னொன்று. அங்கிருந்து தன் கிராமத்துக்குச் சைக்கிளில் போகும் தூரம்தான் என்றான். எப்படித் தெரியும், போயிருக்கிறீர்களா, யாராவது அங்கே வேலை பார்த்தார்களா என்று அடுக்கினான். வானொலியை, அட்டைகளை, சங்கங்களைச் சொன்னேன். எதுவும் அவன் கேள்விப்பட்டதில்லை. பொய் சொல்கிறேனோ என்று என் முகத்தை ஒரு முறை பார்த்தான். பிறகு சட்டென்று ஒரு எண்ணைப் போட்டு, “தாதாஜி” என்று ஏதோ வேகமாகப் பேசி, ஸ்பீக்கரை அமுக்கிப் போனை என் கையில் கொடுத்துவிட்டான்.

அந்தப் பக்கம் இருமல். ஆடு கத்துகிறது. பிறகு ஒரு கிழக்குரல், யார் பேசுவது என்று கேட்டது.

தொண்டையைச் சரிசெய்துகொண்டு, ஒரு மூச்சு நிறுத்தி, என் பெயரைச் சொன்னேன். பிறகு, “மூக்கண்டப்பள்ளி ஸே” என்றேன்.